நகலுக்கு 86,000 வெள்ளியா? பிரபலங்களின் கித்தார் நகல்களைப் பற்றி

8 செப்டம்பர் 2024

செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்துக் கித்தாரிஸ்ட் எரிக் கிளாப்டனின் கறுப்புக் கித்தாருக்கு 2006இல் ஃபெண்டர் கம்பெனி நகல் போட்டது. ஒன்று 24,000 டாலர். அன்றைக்கு ஒரு டாலருக்கு 3.60 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று வைத்தாலும் 86,000 வெள்ளி. அந்தக் காசுக்கு அப்போது புதுக் காரே வாங்கலாம். நகலுக்கு இவ்வளவு கொடுக்கிறவர் ஏமாளியா, பகட்டுக்காரரா?"

இரண்டும் இல்லை என்பது என் பதில். என்னிடமும் ஒரு நகல் இருக்கிறது. விலை இந்த அளவு இல்லை. அயர்லாந்துக் கித்தாரிஸ்ட் ரோரி கேலகர் வாழ்நாள் முழுக்க வாசித்த 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (ஃபெண்டரின் மின்கித்தார் ரகம்) நகல், ஃபெண்டரின் விசேஷத் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப்பில் செய்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் 14,500 வெள்ளிக்கு வாங்கி, மடியில் வைத்தபடியே பினாங்குக்கு பஸ்ஸில் கொண்டுவந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சம்பளத்தில் மூன்று வருடம் சேர்த்த பணம் அது.

கிளாப்டனின் கித்தாரிலிருந்தே தொடங்குகிறேன். 1970இல் அவர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் ஐம்பதுகளில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மலிவாக அள்ளினார். அன்றைக்கு அவற்றுக்குப் பெரிய மதிப்பு இல்லை. இசைக்காரர்களான ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மிச்சம் இருந்த மூன்றையும் பிரித்து, எதில் எது நன்றாக இருந்ததோ அதைப் பொறுக்கி ஒரே கித்தாராக்கினார். அதுதான் 'பிளாக்கி'. 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 959,500 டாலருக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து 250 நகல்கள் வந்தன. ஒரே நாளில் தீர்ந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, பிளாக்கி என்ற கித்தாரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. பாகங்களைப் பொறுக்கியவர் கிளாப்டன், தேய்த்தது கிளாப்டனின் கை. கம்பெனி அதை முதன்முதலாகச் செய்தது 2006இல்தான். நகல் என்ற சொல் இங்கே பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

9 செப்டம்பர் 2024

திருத்தம். 250 இல்லை, 275. 'தி போலீஸ்' குழுவின் ஆண்டி சம்மர்ஸ் வாசித்த டெலிகாஸ்டரின் (ஃபெண்டரின் இன்னொரு ரகம்) நகல்தான் 250. ஈப்போ அண்ணன் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான் ஆகிறது.

இன்னொருவர், அந்த விலைக்குக் கித்தாரோடு வேறு என்ன கிடைத்தது என்று கேட்டார். கிளாப்டன் ஊர் ஊராகக் கொண்டுபோன பயணப் பெட்டியின் நகலும் கூடவே வந்தது, பெட்டிமேல் பதித்த எழுத்து உட்பட. பெட்டிக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. பெட்டியை யாரும் வாசிக்கப் போவதில்லை.

14 செப்டம்பர் 2024

ஒரு சொல் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். நகல் வேறு, போலி வேறு.

நகலில், உரிமையுள்ள கம்பெனி அசலைக் கையில் வாங்கி அளந்து, இது இன்னாருடைய கித்தாரின் நகல் என்று சொல்லி விற்கிறது. போலியில், யாரோ ஒருவர் எங்கேயோ செய்த மரத்துண்டின் தலையில் கம்பெனிப் பெயரை ஒட்டுகிறார். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் இந்த இரண்டாம் ரகத்தைப் பார்க்கலாம். அங்கே நான் ஒருமுறை கிட்டத்தட்ட ஏமாந்தேன். 'கிப்ஸன் லெஸ் பால்' என்றார் விற்றவர். தலைப்பகுதியில், நெக்கை (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) சரிசெய்யும் கம்பியை மூடும் சின்னத் தகடு இருக்கும். கிப்ஸன் அதை இரண்டு திருகாணியால் பிடிக்கும். இதில் மூன்று இருந்தன. கழற்றிப் பார்த்தால் உள்ளே கிப்ஸனின் பித்தளை மரை இல்லை, ஆறுமுகச் சாவி போடுகிற துளை. கொடுத்த முன்பணம் 200 வெள்ளியைத் திரும்பக் கேட்டேன். கிடைக்கவில்லை.

அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழை நம்பி மட்டும் பணம் கொடுக்காதீர்கள். கித்தாரையே போலியாகச் செய்கிறவனுக்குக் காகிதம் எம்மாத்திரம்?

22 செப்டம்பர் 2024

செந்தூல் தம்பி விடவில்லை. "சரி அண்ணே, அளந்து செய்கிறார்கள். அதனால் எனக்கு என்ன கிடைக்கும்? சத்தமா?" என்கிறார். நல்ல கேள்வி. ஒரு வாரம் யோசித்தேன். யோசித்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். அதனால் இது நீளமாகத்தான் வரும்.

சத்தத்துக்காகவே பெயர் பெற்ற கித்தார் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது 'கிரீனி'. 1959இல் கிப்ஸன் செய்த லெஸ் பால். பீட்டர் கிரீன் ஃப்ளீட்வுட் மேக் குழுவில் வாசித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் அதை இளம் கித்தாரிஸ்டாக இருந்த கேரி மூருக்கு விற்றார். உன் எஸ்ஜி கித்தாரை விற்றுக் கிடைப்பதைக் கொடு என்று மட்டும் கேட்டாராம். மூர் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். 2014இல் மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமெட் கைக்குப் போனது. இப்போது கிப்ஸன் அதற்கு நகல் விற்கிறது, விலை உயர்ந்த கைவேலை ரகத்திலிருந்து விலை குறைந்த எபிஃபோன் ரகம் வரைக்கும்.

கிரீனியின் சத்தத்தில் விசேஷம் எங்கே என்றால், சுவிட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச்சுருள்) சேர்த்து வாசிக்கும்போது. அடிக்குரல் வற்றி, மூக்கடைத்தவர் பாடுவதுபோல, ஆனால் ஏங்குகிற குரலில் வரும். மந்திரமெல்லாம் இல்லை. நெக் பக்கத்துப் பிக்கப்பின் உள்ளே இருக்கும் காந்தம் தலைகீழாக இருக்கிறது. இரண்டு பிக்கப்பும் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவதுதான் அந்தக் குரல்.

என்னிடம் லெஸ் பால் வடிவத்தில் 900 வெள்ளிக் கித்தார் ஒன்று கிடந்தது. போன சனிக்கிழமை அதைத் திறந்தேன். கம்பிகளைக் கழற்றி, பிக்கப்பை எடுத்து, மூடியின் ஈயப்பற்றை உருக்கி, அடியில் இருக்கும் நான்கு திருகாணிகளைத் தளர்த்தினால் காந்தப் பட்டை நழுவி வரும். எந்தப் பக்கம் எது என்று பேனாவால் குறித்துக்கொண்டேன். நீளப் பக்கங்கள் இரண்டும் இடம் மாறும்படி புரட்டி அதே இடத்தில் செருகினேன். மின்காந்த வேலை எனக்குப் பழக்கம் என்றாலும் மூடியைத் திரும்ப ஒட்டும்போது கை நடுங்கியது. முழு வேலைக்கும் ஒன்றரை மணி நேரம். செலவு ஈயம் மட்டும்.

ஆம்பிளிஃபையரில் செருகி, சுவிட்சை நடுவில் வைத்து, ஒரே ஒரு சுரத்தை இழுத்தேன். அடுப்படியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, யார் அழறது?" என்றாள்.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருந்தால் சத்தம் ரொம்ப மெலிந்துபோகிறது. ஒன்றை எட்டுக்கு இறக்கினால் உடம்பு திரும்ப வருகிறது, ஏக்கமும் நிற்கிறது. அந்தப் பழைய பதிவுகளில் நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த எட்டைத்தான். முப்பது வருடமாகக் கேட்டும் எனக்கு இது தெரியாது.

ஆக, தம்பி, சத்தத்துக்காக மட்டும் என்றால் நகல் வாங்காதீர்கள். 900 வெள்ளியும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

23 செப்டம்பர் 2024

ஒருவர் கேட்டிருக்கிறார், காந்தத்தைப் புரட்டுவதற்குப் பதில் பிக்கப்பின் இரண்டு வயரை மாற்றிப் பூட்டினால் ஆகாதா என்று. சத்தம் அதேதான் வரும். ஆனால் பழைய பாணிப் பிக்கப்பில் வெளிப்பின்னலும் உலோக மூடியும் பூமியோடு சேர்ந்திருக்கும். வயரை மாற்றினால் மூடி முழுக்க சிக்னல் ஓடும், கை பட்டாலே உறுமும். நான்கு வயர் உள்ள பிக்கப் என்றால் மாற்றலாம். இல்லையென்றால் காந்தத்தையே புரட்டுங்கள்.

6 அக்டோபர் 2024

மழை தொடங்கிவிட்டது. இன்று அறையில் ஈரமானி 84 சதவீதம் காட்டுகிறது. நகல் சேகரிக்கிறவர்களுக்கு நம் ஊரில் முதல் எதிரி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

இந்த விலை உயர்ந்த நகல்களுக்கு ஐம்பதுகளில் அடித்ததுபோலவே நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் அடிக்கிறார்கள். மெல்லிய பூச்சு, மரம் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும், அழகாகத் தேயும். ஆனால் ரப்பர் அதற்கு ஆகாது. சாதாரண கித்தார் ஸ்டாண்டில் ரப்பர் பட்டை இருக்குமே, அதில் என் ரோரியை நாலு மாதம் நிறுத்தி வைத்திருந்தேன். எடுத்தபோது முதுகில் இரண்டு இடத்தில் லாக்கர் உருகி, கூழாகி, ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாங்கிய முதல் வருடம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது ஸ்டாண்டின் கைகளுக்குப் பருத்தித் துணி சுற்றியிருக்கிறேன்.

இரண்டாவது, ஏர்கான். குளிர்ந்த அறையிலிருந்து நேரே வெளித்திண்ணைக்குக் கொண்டுவந்தால் கம்பி, பாலம் (உடலில் கம்பிகள் தாங்கி நிற்கும் உலோகப் பகுதி), திருகாணி எல்லாவற்றிலும் வியர்த்து நீர் கோத்துவிடும். லாக்கர் ஒரு வேகத்தில் விரிகிறது, மரம் ஒரு வேகத்தில் விரிகிறது, நடுவில் மயிர்க்கோடுகளாக வெடிப்பு. பெட்டியோடு கொண்டுவந்து அரைமணி நேரம் திறக்காமல் வையுங்கள். கேமரா வைக்கிற உலர்பெட்டிபோல் பெரிய அலமாரி வாங்க முடிந்தால் 50க்கு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். முடியாதவர்கள் வாரம் ஒருமுறை நெக் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது துரு. என் கித்தாரின் பாலத்தையும் திருகாணிகளையும் கலிஃபோர்னியாவிலேயே பழசாக்கி அனுப்பியிருந்தார்கள். நம் கடற்காற்று இரண்டே வருடத்தில் மிச்ச வேலையைச் செய்துவிட்டது. இப்போது எது அவர்கள் வைத்த துரு, எது பினாங்குத் துரு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

12 அக்டோபர் 2024

"பழசாக்கி அனுப்பியிருந்தார்கள்" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். புதுக் கித்தாரைக் கீறி, தேய்த்து, சிகரெட் சூடு வைத்து அதிக விலைக்கு விற்பது மோசடி என்கிறார்கள்.

இது ஃபெண்டரில் 1995இல் 'ரெலிக்' என்ற பெயரில் தொடங்கியது. வின்ஸ் குனெட்டோ என்பவர்தான் முதல் சில வருடங்கள் உடல்களையும் நெக்குகளையும் பழசாக்கிக் கொடுத்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்குச் செய்து கொடுத்த நகல்கள் புதுசாக மின்னுகின்றன, கொஞ்சம் அடித்துக் கொடுங்கள் என்று அவர் கேட்டதில்தான் எண்ணம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

உடல்மேல் வைக்கிற காயங்களைப் பற்றி எனக்கும் தயக்கம் உண்டு. பெல்ட் பக்கிள் கீறல், பெயிண்ட் உரிந்த இடம், எல்லாம் கண்ணுக்கு மட்டும்தான். ராக் கித்தாரிஸ்ட் எட்டி வான் ஹேலனின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கித்தாரை 2007இல் 300 நகல் செய்து 25,000 டாலருக்கு விற்றார்கள். அவர் பாலத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்கத் திருகியிருந்த 1971ஆம் வருடத்து 25 சென்ட் காசு வரைக்கும் அப்படியே வைத்தார்கள். அவருக்கு அந்தக் காசு ஒரு முட்டுக்கட்டை. கைக்குக் கிடைத்ததை வைத்தார். நகலில் அதே வருடத்துக் காசைத் தேடிப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பை என்னால் மதிக்க முடிகிறது, ஆனால் அதனால் என் வாசிப்புக்கு ஒரு பயனும் இல்லை.

நெக் வேறு விஷயம். நெக்கின் ஓரங்களை உருட்டி, பின்பக்கத்து லாக்கரை இழைத்து வைப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். அது விரலுக்கான வேலை.

18 அக்டோபர் 2024

காலையில் எழுந்ததும் பார்த்தேன். ரோரியின் அசல் கித்தார் நேற்று லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் போய்விட்டது. 889,400 பவுண்டு. நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்து மில்லியன் வெள்ளி. வாங்கியவர் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுக்கிறார். படித்ததும் மனசு லேசாகிவிட்டது. யாரோ ஒருவரின் இரும்பு அறைக்குப் போய்விடுமோ என்று ஒரு வாரமாகக் கவலை.

1963இல் கார்க் நகரத்துக் கடையில் 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கியது. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. ஒருமுறை திருடுபோய், மழையில் வாய்க்காலில் கிடந்து கிடைத்தது. பெயிண்ட் உதிர்ந்ததற்கு மழையைவிட அவருடைய வியர்வைதான் காரணம் என்பார்கள். ஆறு முறுக்காணிகளில் ஒன்று மட்டும் வேறு கம்பெனியுடையது. என் நகலிலும் ஒன்று மட்டும் வேறு. முதலில் பார்த்தபோது விற்றவர் மாற்றிவிட்டார் என்று சந்தேகப்பட்டு அவரோடு வாக்குவாதம் பண்ணினேன். அவர் பொறுமையாக ரோரியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அந்த அண்ணனிடம் இன்னொரு முறை இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ரோரி 1995இல் இறந்துபோனார். வியர்வையில் பெயிண்டை உரித்த மனிதர் பினாங்கில் பிறந்திருந்தால் அந்தக் கித்தாரில் மரமாவது மிஞ்சியிருக்குமா என்று வாசிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்குக் கோலாலம்பூரில் மாமியார் வீட்டில் இருந்தோம். நேற்று பங்சாரில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். இதைப் படித்துவிட்டு, "என்னிடம் பிளாக்கி நகல் இருக்கிறது, வந்து வாசித்துப் பாருங்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தார். ஓய்வுபெற்ற வழக்கறிஞர். 74 வயது.

ஒரு தனி அறை. கண்ணாடி அலமாரியில் ஒன்பது கித்தார்கள், எல்லாம் நகல். ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்றபோது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன்: இவருக்கு வாசிக்கத் தெரியாது, பணம் இருக்கிறது, அடுக்கி வைத்திருக்கிறார். அவருடைய வலது கை லேசாக ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டதும் அந்த எண்ணம் இன்னும் உறுதியானது.

அவர் முறுக்கும் டீயும் கொடுத்துவிட்டு அலமாரியைத் திறந்து, "எடுங்க தம்பி" என்றார். கித்தாரைத் தொடுமுன் நான் கையைத் துடைத்தேன். "துடைக்காதீங்க. அது துடைக்கிற சாமான் இல்லை" என்றார்.

அந்த நெக்கைப் பற்றி எழுதத்தான் இந்தக் குறிப்பைத் தொடங்கினேன். பின்பக்கம் மென்மையான 'வி' வடிவம், படகின் அடிப்பாகம்போல. ஓரங்கள் சோப்புக்கட்டிபோல் கரைந்திருந்தன. கையை வைத்ததும் கட்டைவிரல் தானாக மேலே ஏறி, ஆறாவது கம்பியின் பக்கம் போய் உட்கார்ந்தது. கிளாப்டன் ஏன் அப்படிப் பிடிக்கிறார் என்று நான் எத்தனையோ வருடம் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். கட்டைவிரல் அங்கே இருந்தால், கம்பியை இழுக்கும்போது விரல் இழுப்பதில்லை, மணிக்கட்டு திரும்புகிறது. பத்து நிமிடத்தில் என் கை அதைப் புரிந்துகொண்டது. தட்டையான நெக் உள்ள என் மற்றக் கித்தார்களில் இது ஒருநாளும் வந்ததில்லை.

செந்தூல் தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில். படத்திலும் இல்லாமல், பதிவிலும் இல்லாமல் அந்த மரத்தின் வளைவில் மட்டும் ஒன்று இருக்கிறது. அதை அளந்து எடுத்து இன்னொருவர் கையில் வைக்க நகலால்தான் முடியும்.

அரைமணி நேரம் வாசித்திருப்பேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நிறுத்தியபோது, "1973 ஜனவரி, லண்டன்ல சட்டம் படிச்சுட்டிருந்தேன். ரெயின்போ தியேட்டர்ல கிளாப்டன் கச்சேரி. டிக்கெட்டுக்குக் காசு இல்லை. வெளியே குளிர்ல நின்னு சுவரு வழியா என்ன கேட்டுதோ அதைக் கேட்டேன்" என்றார். பிளாக்கி மேடையேறிய முதல் கச்சேரி அது. அப்போது கொஞ்சம் வாசிப்பாராம். ஐந்து வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை கேட்பதில்லை. அதனால் யார் வந்தாலும் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வருகிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க" என்றார். வைத்தேன்.

3 நவம்பர் 2024

செப்டம்பரில் அந்தப் பயணப் பெட்டியைக் குறை சொன்னேன். பெரியவர் வீட்டில் பிளாக்கியின் பெட்டிமேல்தான் டீத்தட்டு வைத்திருந்தார்கள். அந்த அறையில் அது எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்று பார்த்தபிறகு அந்தக் குறையை வாபஸ் வாங்குகிறேன்.

24 நவம்பர் 2024

எதை வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். லாபத்துக்கு என்றால் என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. வாசிக்க என்றால் குவீன் குழுவின் பிரயன் மேயின் 'ரெட் ஸ்பெஷல்' நகலைப் பாருங்கள். அவர் பெயரிலேயே வரும் சாதாரண ரகம் நம்மால் எட்டிப்பிடிக்கக்கூடிய விலைதான்.

அந்தக் கித்தாரைப் பற்றிப் பேசினால் எனக்குத் தொண்டை அடைக்கும். 1963இல் கடைக் கித்தார் வாங்க வசதி இல்லாததால் பையனும் அப்பாவும் சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். நெக்குக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். விரல்பலகையில் அடையாளப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுரத்தை நடுங்கவைக்கும் அதிர்வுக்கோலின் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி முனை. அதற்கடியில் இருக்கும் சுருள்கள் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அப்பா மின்னணு வேலை தெரிந்தவர். இரண்டு வருடம் ஆனது. பிரயன் மே இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறார்.

என் அப்பா சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் தச்சர். 1981இல் ரப்பர் மரப் பலகையில் எனக்கு ஒரு கித்தார் உடல் அறுத்துக் கொடுத்தார். நெக்கு செய்ய இருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பலகை ரொம்ப நாள் வீட்டில் இருந்தது, அப்புறம் அம்மா அதில் வடகம் காயவைத்தார். இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

ரெட் ஸ்பெஷலை வாங்குகிறவர்கள் அந்தப் பொத்தான்களைத் தடவிப் பாருங்கள்.

8 டிசம்பர் 2024

மரம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பழைய கித்தார்கள் பலவற்றின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரத்துக்கு உலக அளவில் வணிகத் தடை. அந்த மரத்தையே போட்ட நகல் என்று யாராவது விற்றால், அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வரவழைக்காதீர்கள். சுங்கத்தில் மாட்டினால் கித்தாரே போகும்.

பிரேசில் மரத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் போடுவது இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். ஜார்ஜ் ஹாரிசன் 1969 ஜனவரி 30இல் பீட்டில்ஸ் குழுவோடு லண்டன் மொட்டைமாடியில் வாசித்த டெலிகாஸ்டர் முழுக்க முழுக்க ரோஸ்வுட்டில் செய்தது. அதற்கும் ஃபெண்டர் நகல் போட்டிருக்கிறது. ஒருமுறை தோளில் மாட்டிப் பார்த்தேன், உரல் மாதிரி கனம். ஆனால் மேல் சுரங்கள் வெண்கலத் தாம்பாளத்தில் தட்டியதுபோல் நின்று ஒலித்தன.

12 ஜனவரி 2025

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்: "அண்ணே, எல்லாம் வெள்ளைக்காரர் கித்தார்தானா? நம்மவர்களுடையதை ஏன் யாரும் நகல் எடுப்பதில்லை?"

மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மாண்டலின் சீனிவாஸ் அந்த வாத்தியத்தின் நான்கு சோடிக் கம்பிகளை எடுத்துவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பி போட்டு, மின்சாரத்தில் இணைத்துக் கர்நாடக கமகத்தை அதில் கொண்டுவந்தார். 2014இல் போய்விட்டார். அந்த ஐந்து கம்பி மாண்டலினின் நெக் என்ன கனம், ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) என்ன உயரம், கமகத்துக்கு அவர் இழுத்த இடங்களில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? இதை அளந்து ஒருவர் செய்து கொடுத்தால் நான் ரோரியை விற்றுவிட்டு அதை வாங்குவேன்.

நம் பினாங்குப் பிள்ளைகள் ஆலிகேட்ஸ் குழுவையும் சொல்ல வேண்டும். டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் இந்த ஊரிலிருந்து கிளம்பி நாடு முழுக்க மலாய்ப் பாட்டில் பெயர் வாங்கினார்கள். லோகா 2007இல் காலமானார். அந்தக் காலத்து மேடை வாத்தியங்கள் எங்கே, யார் வீட்டு மச்சில் இருக்கின்றன? அளவாவது எடுத்து வைக்க வேண்டாமா? சின்னப் பிள்ளைகள் கையில் ஃபோன் இருக்கிறது, வெர்னியர் அளவுகோல் நான் தருகிறேன். வீட்டில் பழைய குழுக்காரரின் வாத்தியம் இருப்பவர்கள் எழுதுங்கள். நெக்கின் அகலத்தையும் கனத்தையும் முதல், ஐந்தாம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுகளில் எப்படி அளப்பது என்று படம் வரைந்து அனுப்புகிறேன்.

14 ஜனவரி 2025

இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று தைப்பிங், ஒன்று கூலிம். பொங்கல் முடிந்ததும் போகிறேன்.

16 பிப்ரவரி 2025

தைப்பூசத்துக்கு வந்த செந்தூல் தம்பி, தண்ணீர்மலைக்குப் போய்விட்டு அப்படியே என் வீட்டுக்கும் வந்தார். நேரில் பார்த்தால் இருபத்துமூன்று வயதுப் பையன், ஹோட்டலில் வேலை. செவ்வாய்க்கிழமை வந்தவர் புதன் மதியம்தான் கிளம்பினார்.

ரோரியைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் வாசித்தார். நெக் நல்லா இருக்குது என்றார். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை 2019இல் 3,975,000 டாலருக்கு ஏலத்தில் விட்டு, மொத்தத் தொகையையும் பருவநிலை வேலைக்குக் கொடுத்துவிட்டு, ஃபெண்டர் செய்த நகல்களை வாசிக்கப் போவதாகச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். அசலின் சொந்தக்காரருக்கே நகல் போதுமாக இருக்கிறது என்று என் கட்சிக்கு வலு சேர்க்கத்தான் சொன்னேன். தம்பி தலையாட்டிக் கேட்டார். கண் மட்டும் மூலையில் சாத்தியிருந்த 900 வெள்ளிக் கித்தார் மேலேயே இருந்தது.

"அது காந்தம் புரட்டினதா?"

எடுத்துக் கொடுத்தேன். சுவிட்சை நடுவில் வைத்தார். ஒரு வால்யூமை எட்டுக்கு இறக்கினார், நான் எழுதியதை அப்படியே நினைவு வைத்திருந்தார். அதற்குப் பிறகு இரவு பதினொரு மணிவரை அதைக் கீழே வைக்கவில்லை. முதலில் பழைய புளூஸ்; அப்புறம் அம்மா பாடும் ஒரு தாலாட்டு என்று சொல்லி மெதுவாக இழுத்து வாசித்தார். என் மனைவி படுக்கையிலிருந்து எழுந்துவந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஏங்குகிற குரல் தாலாட்டுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கிரீனும் மூரும் வாசித்ததை மட்டுமே அதில் தேடிக்கொண்டிருந்தேன்.

காலையில் அதை விலைக்குக் கேட்டார். வாங்கிய விலை 900, கொடுங்கள் என்றேன். ஈயத்துக்கும் வேலைக்கும் சேர்த்து ஆயிரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று திணித்துவிட்டு, கித்தாரோடு ரயிலேறிவிட்டார்.

லெஸ் பால் வடிவத்தில் பழைய கித்தார் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பிக்கப் மூடியோடு இருந்தாலும் பரவாயில்லை, நானே திறந்துகொள்கிறேன். தைப்பிங் வாத்தியத்தின் அளவுகளை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதன் நெக் நான் நினைத்ததைவிட மூன்று மில்லிமீட்டர் கனமாக இருக்கிறது, இன்னொரு தடவை அளக்க வேண்டும்.